வீட்டையும் சோலையையும் காத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

அந்த ஆறு பழைய வீடுகளும் இடிபடாது, பின்புறச் சோலையில் ஒரு மரமும் வெட்டுப்படாது என்று போன வாரம் எழுத்துபூர்வமாக உறுதியாகிவிட்டது. சேதி கேட்டதும் உங்கள் முகங்கள்தான் கண்முன் வந்தன. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல ஆசை. அதற்கு நாளாகும் என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி வீட்டுக்காரர்களுக்கு. உங்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். முதல் இரண்டு கூட்டங்களுக்கு உங்களை நாங்கள் அழைக்கவே இல்லை. விற்கப் பார்க்கிறவர்கள் என்று எதிர்த்தரப்பாகவே வைத்துப் பேசினோம். மூன்றாவது கூட்டத்தை "எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வையுங்கள்" என்றார் உங்களில் ஓர் அம்மா. அன்று நல்ல மழை. நான்கு இடங்களில் ஒழுகியது. பேச்சுக்கு நடுவே எழுந்து எழுந்து அவர் வாளியை நகர்த்தி வைத்தார். பழைய வீட்டின் அழகைப் பேச வந்த நாங்கள், கூரைச் செலவில் எங்கள் பங்கு எவ்வளவு என்று அன்றுதான் முதன்முதலாகப் பேசினோம். பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் இங்கிலாந்து அமைப்பான நேஷனல் டிரஸ்ட் 1896இல் வாங்கிய முதல் கட்டடமான ஆல்ஃபிரிஸ்டன் பாதிரியார் இல்லத்தின் விலை வெறும் 10 பவுண்டு. பழுதுபார்க்க அதைப்போலப் பல மடங்கு செலவானது. வீட்டைக் காப்பது என்றால் இந்தப் பல மடங்குக்கும் தோள் கொடுப்பது என்று எங்களுக்குப் புரியவைத்தது அந்த அம்மாவின் வாளிதான்.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்ட கொத்தனார் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? சுவர்கள் உளுத்துப்போய்விட்டன, இடிப்பதைத் தவிர வழியில்லை என்று அறிக்கை வந்திருந்த நேரம். அவர் வந்து சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிற்காலத்தில் பூசிய சிமெண்டை உளியால் லேசாக நெம்பினார். பூச்சு பலகைபோலக் கழன்று வந்தது. உள்ளே உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்தது. சிமெண்ட் படாத பக்கத்தில் அதே செங்கல் தட்டினால் கணீரென்றது. "சுண்ணாம்புச் சுவர் தண்ணியக் குடிக்கும், வெயில்ல விட்டுடும். சிமெண்டு பூசுனா வெளிய போக வழியில்ல, உள்ளயே நின்னு அரிக்கும்" என்றார். சுவருக்கு வயதாகிவிட்டது என்ற வாதம் அந்த இடத்திலேயே விழுந்தது. எங்கள் மனுவில் எனக்குப் பிடித்த பக்கம், அவர் சொல்லச் சொல்ல எழுதிய பக்கம்தான்.

திட்ட வரைபடத்தில் சோலை இருந்த இடத்தில் 'காலி இடம்' என்று எழுதியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் நாடாவோடு வந்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து எழுதினார்கள். மூன்று பிள்ளைகள் கைகோத்தும் எட்டாத மரம் ஒன்று இருந்தது. அந்தப் பட்டியலை இணைத்த பிறகு 'காலி இடம்' என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

கட்டுமானத் தொழிலாளர்களின் கையெழுத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இடிப்பு வேலை அவர்களுக்குக் கூலி. 1971இல் சிட்னியில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டைக் காக்கப் போராடிய 13 பெண்களுக்குக் கட்டுமானத் தொழிற்சங்கம் துணைநின்று, அங்கே வேலைசெய்ய மறுத்த கதையைக் கூட்டத்தில் நூலகர் ஒருவர் வாசித்தார். அந்தக் காடு இன்றும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துவந்து, "பேனா குடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

கோப்புகளைக் கட்டணமின்றிப் படித்துக் கொடுத்த வழக்கறிஞர்களுக்கும், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கும், கையெழுத்துப் போடாவிட்டாலும் பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நன்றி.

மழைக்கு முன் கூரை வேலை தொடங்குகிறது. பழைய பூச்சைச் சுரண்ட ஆட்கள் வேண்டும். எப்படிச் சுரண்டுவது என்று கொத்தனார் ஐயாவே சொல்லித்தருவார். எங்களுக்குக் குடும்பப் புகைப்படங்களை இரவல் தந்தவர்கள் வேலை தொடங்கும் அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, உரியவர் பெயர் எழுதி, அந்த அம்மாவின் கூடத்தில் ஒழுகாத மூலையில் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
உங்களில் ஒருத்தி