பழைய பேன்ஜோவும் நரம்புத் தந்தியும்

அன்புள்ள சேகர்,

விற்குமுன் சீர்செய்ய வேண்டும் என்று சொன்ன உன் பழைய பேன்ஜோவின் படங்கள் வந்தன. கழுத்திலிருந்து வட்டச் சட்டத்துக்குள் குறுக்காக ஓடும் டவல் கட்டையில் இருப்பது, ஃபிலடெல்ஃபியாவில் பேன்ஜோ செய்த எஸ்.எஸ். ஸ்டூவர்ட்டின் முத்திரைதான். அவர் 1898-ல் இறந்துவிட்டார். முத்திரையோடு வரிசை எண்ணும் இருந்தால் செய்த காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம்.

முதலில் அந்த ஸ்டீல் கம்பிகளைக் கழற்று. நரம்புத் தந்திக்காக, அதாவது விலங்குக் குடலில் திரித்த தந்திக்காகச் செய்த வாத்தியம் அது. கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது; ஸ்டீல் இழுக்க இழுக்க கழுத்து வில்லாகும், டவல் கட்டையின் பசை விட்டு ஆடும். கழுத்தைப் பிடித்து லேசாக அசைத்துப் பார். ஆடினால் பழைய பசையைச் சுரண்டி, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய சூடான தோல்பசையால் ஒட்டு. பசை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் வலு போய்விடும். எபாக்ஸி என்னும் ரசாயனப் பசை வேண்டவே வேண்டாம். அடுத்தவன் பிரிக்கவே முடியாது. கடைசியில் நரம்புக்குப் பதிலான நைல்கட் என்னும் செயற்கைத் தந்தி மாட்டு.

முகப்பில் போர்த்தக் கன்றுத்தோல் வாங்குமுன் வட்டச் சட்டத்தின் வளையத்தை அளந்துவிடு. 11 அங்குலம் என்று நம்பி வாங்கினால் ஏமாறுவாய், பழையவை பல கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வளையத்தைவிட 3, 4 அங்குலம் அகலமான தோலைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவை. வெந்நீர் பட்டால் சுருங்கிப் பாழாகும். ஈரத்தில், தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளின் நட்டுகளைக் கையால் திருகும் அளவோடு நிறுத்து. தோலின் மேல் அமர்ந்து அதை இறுக்கும் உலோக வளையம் சற்று உயர்ந்தே நிற்கட்டும். தோல் காயக் காயத் தானே இறுகும். ஈரத்திலேயே சாவி போட்டு முறுக்கினால் ராத்திரியில் ‘படார்’ என்று கிழியும். ஒரு நாள் காய்ந்த பிறகு எதிரெதிர் நட்டுகளாகக் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்று. மிஞ்சிய ஓரத்தை அப்போதுதான் வெட்ட வேண்டும்.

தோல்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையை வைக்க ஒரே கணக்குதான்: கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் சிறு கட்டையிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்காகப் பதித்த மெல்லிய கம்பி) வரை எவ்வளவோ, அங்கிருந்து குதிரைக்கும் அவ்வளவு.

துரு நட்டுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடு, போதும். நிக்கல் பூச்சைப் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைக்காதே. பூச்சு தேய்ந்து மஞ்சள் பித்தளை தெரிந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார். மரத்தைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடித்தால் விலை அதோடு படுத்துவிடும்.

விற்கும்போது, தந்தியை முறுக்கும் பிரடைகள் தந்தமா என்று கேட்பார்கள். கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்து பார். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாயிட் என்னும் பழைய பிளாஸ்டிக், கவலை இல்லை. தந்தம் என்றால் அனுமதியில்லாமல் எல்லை தாண்டி அனுப்பாதே. கழுத்தைப் பக்கவாட்டில் எடுத்த படம், டவல் கட்டைப் படம் இரண்டும் கட்டாயம் போடு. கொக்கிகளை எண்ணிச் சொல், மாற்றியது எது என்பதையும் எழுது. கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுக் கூடவே கொடு. ஸ்டூவர்ட் பட்டறை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது, ஆகவே அரிய பொருள் என்று விலையை ஏற்றாதே.

அனுப்பும்போது குதிரையை எடுத்துவிட்டு, தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் வால்துண்டின் அடியில் துணி மடித்து வை. இல்லாவிட்டால் அது தோலைக் குத்திவிடும். கழுத்தின் படம் இன்னொன்று, வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. அடிப்பக்கத்தில் ஒரு கீறல் விரிசல் மாதிரித் தெரிகிறது.

அன்புடன்,
ரங்கன்