மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு: வெள்ளிக்கிழமை காபிப் பூ பார்க்கப் போகிறோம்

அனைவருக்கும் வணக்கம். வகுப்பாசிரியை எழுதுகிறேன்.

போன வாரம் பெய்த மழையில் பள்ளிக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் காபி மொட்டுகள் விம்மி நிற்கின்றன. நல்ல மழை விழுந்தால் 8, 10 நாட்களில் பூத்துவிடும்; இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். ஆகவே வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை தோட்டத்தில்தான். உரிமையாளர் அனுமதி தந்துவிட்டார்.

பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பூவைப் பறிக்கக் கூடாது. இன்றைய பூதான் நாளைய பழம். அந்தப் பழம் பறித்துத்தானே இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது! சென்ற ஆண்டு ஒருவன் சட்டைப்பை நிறையப் பறித்து வந்து என் மேசைமேல் இருக்கும் சாமி படத்துக்கு வைத்துவிட்டான். வகுப்பு முழுக்க மல்லிகை போல மணம். என்னால் திட்டவும் முடியவில்லை.

நேற்று ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், மழையை அனுப்பியது நம்ம மலைச் சாமி சேர்வராயனா, மாதாவா?" ஒரு வீட்டில் பங்குனி உத்திர விரதம், அடுத்த வீட்டில் தவக்காலம், கேள்வி வராமல் இருக்குமா? வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கடைசி பெஞ்சுக்காரன், "முறை வைத்து அனுப்புவார்கள்" என்று தீர்ப்புச் சொன்னான். நான் வேண்டிக்கொண்டது முருகனிடம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

காலையில் பனி இருக்கும், ஸ்வெட்டர் அவசியம். தரை ஈரம், செருப்புக்குப் பதில் ஷூ. திருவிழாவுக்குச் சேலம் இறங்குபவர்கள் வியாழன் மாலைக்குள் இங்கேயே தெரிவித்துவிடுங்கள்.