செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

போளூரில் இயங்கிவரும் நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ரத்ததான முகாமும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. உடன் நின்ற கல்லூரி மாணவர்களுக்கு நன்றி. நமது நேரத்தையும் நிதியையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு (அண்ணம் என்பது வாயின் மேற்கூரை) பிறந்த குழந்தைகளின் சிகிச்சைப் பணி. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

உலகளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இந்தப் பிளவோடு பிறக்கிறது. ஜவ்வாது மலைக் கிராமங்களில் இன்னமும் கிரகணத்தின்மேல் பழி போடுகிறார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை; "வெளியே வராதே என்றால் கேட்டாளா?" என்று அந்தப் பழி பெற்றவளின் தலையில் வந்து விழுகிறது. மேலுதடு கருவின் 4 முதல் 7ஆம் வாரத்துக்குள்ளும், அண்ணம் 6 முதல் 9ஆம் வாரத்துக்குள்ளும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அந்த நாள்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரிந்திருக்காது. பரம்பரை, புகைப்பழக்கம், வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள் எனக் காரணங்கள் உண்டு. பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவர்களாலும் சொல்ல முடிவதில்லை. ஜமுனாமரத்தூர் பகுதியில் நாம் நடத்திய கூட்டங்களில் கிராம சுகாதார செவிலியர் மாமியார்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து இதை விளக்கினார். அவருக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

விடுப்பெடுத்துக்கொண்டு சொந்தச் செலவில் வரும் தன்னார்வ மருத்துவர் குழு இந்த ஆண்டும் வந்து அறுவை சிகிச்சைகளைச் செய்து கொடுத்தது. உதட்டைத் தைக்க மருத்துவர்கள் பார்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 10 வாரம் நிரம்பியிருக்க வேண்டும், 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ எடை இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 10 கிராம் இருக்க வேண்டும். சளியோ காய்ச்சலோ இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். எடை போதாமல் திரும்பிய குழந்தைகளைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். அண்ணம் பிளந்த குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. குடித்த பாலும் மூக்கு வழியே வந்துவிடும். பிறந்த சில வாரங்களிலேயே அது மெலியத் தொடங்குகிறது. நம் பாட்டிமார் குழந்தைக்குப் பால் புகட்டக் கையாண்ட, நுனி குவிந்த சிறு கிண்ணமான பாலாடைதான் இங்கே கை கொடுத்தது. தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் நுனியைக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். குழந்தை விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த மடக்கு. இடையிடையே தோளில் போட்டுத் தட்ட வேண்டும். இதற்கு ஒவ்வொரு முறையும் வெகுநேரம் பிடிக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கும்? ஆகவே உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று பாட்டிகளுக்கும் அத்தைகளுக்கும் பழக்கிக் கொடுத்தார்கள். முகாமில் தைத்த தையலைவிட இதை நான் சிறியதாக நினைக்கவில்லை.

இந்தப் பணியின் வரலாற்றையும் உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது. 1969இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் டொனால்ட் லாப், தன்னார்வ மருத்துவர் குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் 'இன்டர்பிளாஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார். 1982இல் பிலிப்பைன்ஸின் நாகா நகருக்குச் சென்ற டாக்டர் வில்லியம் மேகியும் அவருடைய மனைவி கேத்லீனும், வந்த குழந்தைகளில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததைத் தாங்க முடியாமல் 'ஆபரேஷன் ஸ்மைல்' அமைப்பை உருவாக்கினார்கள். 1999இல் வந்த 'ஸ்மைல் டிரெய்ன்' வேறு வழியில் சென்றது: வெளியூர்க் குழுக்களை அனுப்பாமல், அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்கே பயிற்சியும் நிதியும் கொடுத்து, ஆண்டு முழுவதும் உள்ளூரிலேயே சிகிச்சை நடக்கச் செய்தது. வந்து போகும் குழுக்களின் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நமது அனுபவமும் இந்த வழியைத்தான் சரி என்கிறது.

ஏனென்றால் ஒரு தையலோடு இது முடிவதில்லை. உதடு 3 மாத வாக்கில். அண்ணம் 9 மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில், பேச்சு வருவதற்கு முன். காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைகிறதா என்று அவ்வப்போது பரிசோதனை. 8 வயதுக்குமேல் ஈறுப் பிளவில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு ஒட்டு. பிறகு பல் வரிசை. மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவனுக்கு உதட்டுத் தழும்பு பார்த்தால் தெரியாத அளவுக்கு ஆறிவிட்டது. அண்ணச் சிகிச்சைக்கோ அவனை மிகத் தாமதமாகத்தான் அழைத்துச் சென்றார்கள். இன்றும் காற்று மூக்கு வழியே போவதால் 'பாப்பா' என்பது 'மாம்மா' என்றுதான் வருகிறது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு இப்போது தேவை பேச்சுப் பயிற்சி. அதற்காக வாரந்தோறும் வேலூருக்குப் போய்வந்தால் பெற்றோர் இருவருக்கும் அன்றைய கூலி போய்விடும்.

எனவே செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. வரும் ஆண்டில் முகாம் தொடக்க விழாவுக்கான மேடை, பந்தல், பொன்னாடைச் செலவை முற்றிலும் நிறுத்தி, அந்தத் தொகையைப் பேச்சுப் பயிற்சிக்கும் பயணப்படிக்கும் ஒதுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் நமது அலுவலகத்திலேயே காணொளி வழியாகப் பயிற்சி அளிக்க ஒரு பயிற்சியாளர் இசைந்திருக்கிறார். மலையில் சிக்னல் கிடைப்பதில்லை. ஆகவே குழந்தைகளை இங்கே அழைத்துவர வேண்டும். 2013 முதல் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவோடு நமது பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கவும், காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களுக்கு அதைப் பெற்றுத் தரவும் இரண்டு உறுப்பினர்கள் பொறுப்பேற்க வேண்டும். குழந்தைகளோடு பஸ்ஸில் துணைக்குச் சென்றுவர முன்வருவோர், வாசலில் வைத்திருக்கும் பதிவேட்டில் பெயரையும் எந்தச் சனிக்கிழமை என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

இந்த அறிக்கையையும் மேற்கண்ட தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்