எங்கே நின்றாய் என்று எழுது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். போன வாரம் போனில் நீ கோபமாகச் சொன்ன விஷயத்துக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மா கணக்கு டீச்சராக மாறுகிற நொடியில் "சரிம்மா, மெஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போனை வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மெதுவாகப் படி, அவசரமில்லை.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஃபூரியர் தொடர் (ஒரு சார்பை சைன், காஸ் உறுப்புகளின் கூட்டலாக எழுதுவது) அசைன்மென்ட்டில் ஒரு கணக்கு வரவில்லை. தாளைப் படம் பிடித்து, "அவசரம், நாளைக் காலையில் கொடுக்க வேண்டும்" என்று ஒரு கணக்குத் தளத்தில் போட்டாய். ஒருவர் "இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்டார். நீ பதில் எழுதுவதற்குள் வேறு சிலர் சேர்ந்து, யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியையே மூடிவிட்டார்கள். "தெரிஞ்சா சொல்லணும், தெரியலைன்னா போகணும், எதுக்கும்மா இவங்களுக்கு இந்தத் திமிர்?" என்றாய். அப்புறம் அதே படத்தை ஏஐயிடம் கொடுத்தாய், பத்து செகண்டில் முழு விடையும் வந்தது, எழுதிக் கொடுத்துவிட்டாய்.

திமிரே கிடையாது என்று நான் வாதாட மாட்டேன். நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 2018-இல், அந்த நிறுவனமே தன் தளம் புதிதாக வருகிறவர்களுக்கும் பெண்களுக்கும் முகம் கொடுத்துப் பேசாத இடமாக இருக்கிறது, இதை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது. ஆகவே உன் கோபத்தில் நியாயம் உண்டு. தெரியாத பிள்ளையிடம் பேசும் முறை தெரியாதவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். (ஸ்டாஃப் ரூமிலும் இருந்தார்கள்.)

ஆனால் அவர்கள் கேட்ட அந்த ஒரு கேள்வி சரியானது. எப்படிச் சொல்கிறேன் என்றால், ரிட்டயர் ஆன பிறகு சாயங்கால வேளையில் நானும் ஒரு தளத்தில் வேறு பெயரில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. நீ திட்டிய கூட்டத்தில் உன் அம்மாவும் ஒருத்தி. உன் கேள்வியை மூடியது மட்டும் சத்தியமாக நான் இல்லை.

பதில் எழுதும் பக்கம் உட்கார்ந்தால்தான் சிரமம் தெரியும். உன் கணக்கையே எடுத்துக்கொள். எக்ஸ் வர்க்கம் என்ற சார்புக்கு மைனஸ் பையிலிருந்து பை வரை ஃபூரியர் தொடர் எழுத வேண்டும். அதிலிருந்து 1 + 1/4 + 1/9 + 1/16 என்று முடிவில்லாமல் போகும் தொடரின் கூட்டுத்தொகை பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று காட்ட வேண்டும். செமஸ்டர் கேள்வித்தாளில் திரும்பத் திரும்ப வருகிற கணக்கு. இதில் ஒரு பிள்ளை சிக்கக்கூடிய இடங்கள் பல. இது இரட்டைச் சார்பு (எக்ஸுக்குப் பதில் மைனஸ் எக்ஸ் போட்டாலும் மதிப்பு மாறாது), சைன் உறுப்புகள் எல்லாம் தானாகப் போய்விடும் என்பது தெரியாமல் பக்கம் பக்கமாக இன்டக்ரேட் பண்ணிக்கொண்டிருக்கலாம். பகுதித் தொகையிடலை இரண்டாம் தடவை செய்யும்போது குறியைத் தவறவிட்டிருக்கலாம். காஸ் என்-பை என்பது மைனஸ் ஒன்று, ப்ளஸ் ஒன்று என்று மாறி மாறி வரும் என்பதைக் கவனிக்காமல் அப்படியே விட்டிருக்கலாம். இல்லையென்றால் தொடரை அழகாக எழுதி முடித்துவிட்டு, கூட்டுத்தொகை வருவதற்கு எக்ஸுக்கு என்ன மதிப்புப் போடுவது என்று முழித்துக்கொண்டிருக்கலாம்.

நீ எதில் நின்றாய்? கேள்வித்தாளின் படத்தை மட்டும் பார்த்து எனக்கு அது எப்படித் தெரியும்? கடைசி இடத்தில் நிற்கிறவனுக்கு ஒரு வரி போதும்: "எக்ஸுக்கு பை போட்டுப் பார்." அவன் தலையில் தட்டிக்கொண்டு மீதியை முடித்துவிடுவான். முதல் இடத்தில் நிற்கிறவனுக்கு அந்த வரி எதற்கும் உதவாது, ஒரு வரைபடம் போட்டுக் காட்டினால்தான் புரியும். இரண்டு பேரும் ஒரே படத்தைப் போட்டு "அவசரம்" என்று எழுதினால், எனக்கு மிஞ்சுவது முழு விடையையும் எழுதித் தருவது ஒன்றுதான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரை மட்டும் கேட்கிற மாதிரி.

உனக்கு வந்த விடை சரியாகவே இருந்திருக்கும். சந்தேகமில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அதே கணக்கைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் 1 − 1/4 + 1/9 − 1/16 என்று குறி மாறி மாறிப் போகும் தொடரின் கூட்டுத்தொகை பை வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று நிறுவச் சொன்னால் என்ன செய்வாய்? ஃபூரியர் தொடர் அதேதான், ஒரு எழுத்து மாறாது. எக்ஸுக்குப் பைக்குப் பதில் பூஜ்யம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் கணக்கில் முட்டி மோதியவனுக்கு இது அரை நிமிஷம். பார்த்து எழுதியவனுக்கு இது வேறு கணக்கு, புதிதாக இன்னொரு படம் எடுக்க வேண்டும். பரீட்சை ஹாலில் எங்கே எடுப்பது?

நீ "அவசரம்" என்று போட்ட அந்தக் கணக்குக்கு ஒரு கதை இருக்கிறது. வகுப்பில் சொல்ல எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை. அந்தக் கூட்டுத்தொகை என்ன என்ற கேள்வியை 1650-இல் இத்தாலியில் மெங்கோலி என்பவர் எழுப்பினார். யாருக்கும் வரவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யாக்கோப் பெர்னூலி, அந்தக் காலத்துப் பெரிய கணித மேதைகளில் ஒருவர், பிடித்துப் பார்த்தார். அவருக்கும் வரவில்லை. 1689-இல் அவர் செய்ததைக் கவனி. அந்தத் தொடர் எல்லையில்லாமல் வளராது, கூட்டுத்தொகை இரண்டைத் தாண்டாது என்பது வரை தான் நிறுவியதை அச்சில் போட்டார். சரியான மதிப்பு மட்டும் பிடிபடவில்லை, கண்டுபிடிக்கிறவர்கள் எங்களுக்குத் தெரிவித்தால் மிகவும் நன்றி உடையவர்களாக இருப்போம் என்றும் எழுதினார். அதாவது எது வரை வந்தேன், எங்கே நின்றேன், எது வேண்டும். இப்போது தளங்களில் "என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்பது இதைத்தான். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இருப்பதாக பெர்னூலிக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதனால் "இனிமேல் கேட்கவே மாட்டேன் போ" என்று வீம்பு பிடிக்காதே.

பெர்னூலி விடை தெரியாமலே 1705-இல் இறந்துபோனார். அடுத்த முப்பது வருஷத்தில் அதே பாசலில் பிறந்த ஆய்லர், இருபதுகளின் கடைசியில் இருந்த இளைஞர், பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்தார். வட்டமே இல்லாத இடத்தில் பை எங்கிருந்து வந்தது என்று ஊரே வியந்தது. யாக்கோபின் தம்பி யோஹான், அண்ணன் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கி எழுதினார்.

அந்த யோஹான்தான் ஆய்லருக்கு ஆசிரியர், அதுவும் எப்படிப்பட்ட ஆசிரியர் தெரியுமா? ஆய்லர் தனியாகப் பாடம் சொல்லித் தரக் கேட்டபோது நேரமில்லை என்று மறுத்துவிட்டார். கடினமான புத்தகங்களின் பெயரைச் சொல்லி, நீயே படி, எங்காவது இடறினால் வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து அதை மட்டும் கேள் என்றார். ஆய்லர் பிற்காலத்தில் தன்னைப் பற்றி எழுதியபோது, அப்படி ஒரு தடையை அவர் நீக்கிவிட்டால் கூடவே பத்துத் தடைகள் மறைந்துவிடும் என்று குறிப்பிட்டிருக்கிறார். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இது அப்படியே உண்மை. தானாக இடறி வந்து கேட்கிற பிள்ளைக்கு ஒன்றைச் சொன்னால் பத்து விளங்கும். இடறாமல் கேட்கிற பிள்ளைக்குப் பத்தைச் சொன்னாலும் அந்தப் பத்தோடு நிற்கும்.

எங்கள் காலத்தில் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. கைடைப் பார்த்து எழுதியவர்கள் அப்போதும் உண்டு. இப்போது அதுவே பெரிய வியாபாரம். அமெரிக்காவில் செக் என்று ஒரு கம்பெனி, முதலில் பாடப்புத்தகத்தை வாடகைக்கு விட்டது, அப்புறம் மாதச் சந்தாவுக்கு விடை தந்தது. அந்த விடைகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுப் பட்டதாரிகள்தான். 2023 மே மாதம், சாட்ஜிபிடி வந்த பிறகு புதிதாகச் சேருகிறவர்கள் குறைகிறார்கள் என்று அதன் தலைவர் வாய் திறந்ததும் ஒரே நாளில் பங்கு விலை கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. விடைக்கு இன்றைக்கு மார்க்கெட்டில் அவ்வளவுதான் மதிப்பு. நாளைக்கு உனக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறவர், எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்காக உன்னைக் கூப்பிட மாட்டார்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2024-இல் வெளிவந்தது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு பிரிவுக்குக் கேட்டால் விடை தருகிற ஏஐ, இன்னொரு பிரிவுக்கு ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தபடி குறிப்பு மட்டும் தருகிற ஏஐ, மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியில் முதல் பிரிவு 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது. அப்புறம் ஏஐயை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். அதே பிரிவு, ஏஐயைத் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. குறிப்பு மட்டும் பெற்ற பிரிவுக்கு அந்த நஷ்டம் அநேகமாக இல்லை, பெரிய லாபமும் இல்லை. என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே முதல் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அசைன்மென்ட்டை யாரும் படிப்பதில்லை, தேதி போட்டுக் கையெழுத்து வைத்து இன்டர்னல் மார்க் போட்டுவிடுகிறார்கள், சீனியர் நோட்டிலிருந்து வகுப்பே எழுதுகிறது. அது ஆசிரியர்கள் பண்ணுகிற தப்பு, பிள்ளைகள் தலையில் கட்ட மாட்டேன்.

விடிய விடிய ஒரு கணக்கோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை. அரை மணி நேரம் போராடு, போதும். வரவில்லையா, கேள். கேட்கும்போது கணக்கைப் படமாகப் போடாமல் நீயே டைப் அடி. எது வரை செய்தாய், எந்த வரியில் சந்தேகம், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது என்று எழுது. தப்பான வழியில் போயிருந்தால் அதையும் எழுது. எனக்கு அதுதான் ரொம்ப உபயோகம். 2001-இலிருந்து இருக்கிற ஃபிசிக்ஸ் ஃபோரம்ஸ் தளத்தில் வீட்டுப்பாடம் கேட்பதற்கென்றே ஒரு படிவம் வைத்தார்கள்: கணக்கு என்ன, எந்தச் சமன்பாடுகள் பொருந்தும், உன் முயற்சி எங்கே. முழு விடை எழுதித் தரக் கூடாது என்பது அங்கே பதில் சொல்கிறவர்களுக்கும் விதி. இப்படி எழுதிக்கொண்டே வரும்போது பாதியில் விடை கிடைத்துவிடுவதும் உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, தப்பு எங்கே என்று அதனிடம் வரி வரியாக விளக்கிப் பார்ப்பார்களாம். ஹாஸ்டலில் வாத்து கிடைக்காவிட்டால் ரூம்மேட் போதும்.

ஏஐயையும் விடச் சொல்லவில்லை. உன் படிகளைக் கொடுத்து, "விடை சொல்லாதே, முதல் தப்பு எந்த வரியில் என்று மட்டும் காட்டு" என்று கேள். அது சொல்வதையும் சரிபார். பார்த்தால் சரியாகத் தோன்றி உள்ளே தப்பாக இருக்கும் விடைகள் குவிந்ததால்தான் 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை போட்டது.

போன அசைன்மென்ட் போகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறி மாறும் தொடரை வெறும் தாளில் ஆரம்பத்திலிருந்து போட்டு, அடித்தல் திருத்தலோடு வாட்ஸப்பில் அனுப்பு. ஃபேர் காப்பி எனக்கு வேண்டாம். கணக்கு வராவிட்டாலும் அனுப்பு, நின்ற வரியில் ஒரு கோடு போட்டு அனுப்பு.

அப்பா தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டார், வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி, அப்பர் பெர்த்தான் கிடைத்தது. முறுக்கு பார்சல் புதன்கிழமை வந்து சேரும். ரூமில் எல்லோருக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா