பகலில் ஜன்னலைச் சாத்துங்கள், அப்பா

ஈஸ்ட் ஹாம், லண்டன்
18 மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்கள், அம்மா, ஆயா எல்லோரும் நலமா?

ஜூன் கடைசியில் கிளம்பி ஆடி முடியும்வரை இங்கே இருக்கப் போகிறீர்கள். போனில் பேசும்போதெல்லாம் ஸ்வெட்டரைப் பற்றியே கேட்கிறீர்கள். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். நான் எழுத நினைத்தது வெயிலைப் பற்றி. வேலூரில் கத்திரி வெயிலைப் பார்த்தவர்களுக்கு லண்டன் வெயிலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறைய இருக்கிறது. நீங்கள் வீடு கட்டுகிறவர், சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நம் ஊரில் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்ற பேச்சையே எடுக்கும். லண்டனுக்கு அந்த எல்லை 28. தொடர்ந்து மூன்று நாள் 28க்குக் குறையாமல் அடித்தால் வெப்ப அலை என்று அறிவித்துவிடுவார்கள். ஸ்காட்லாந்தில் 25 போதும். அந்தந்த வட்டாரத்தின் வழக்கமான ஜூலை வெயிலை வைத்து எல்லை போட்டிருக்கிறார்கள். 28 என்றதும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். வெளியே நிழலில் 32 இருக்கும் நாளில், மாடி அறைக்குள் ராத்திரி பதினோரு மணிக்கும் 31 இருக்கும். நம் ஊரில் வீட்டுக்குள் வந்தால் வெயிலிலிருந்து தப்பித்தோம் என்று உட்காருவோம். இங்கே தொந்தரவே வீட்டுக்குள்தான்.

காரணம் கட்டுமானம். முதலில், ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு கிடையாது. ஒரு வீட்டிலும் கிடையாது. எட்டு மாதம் வெயிலுக்கு ஏங்குகிற ஊரில் அதை மறைக்க யாரும் நினைக்கவில்லை. அப்படியே போட்டாலும் பாதி நேரம் உதவாது. நம் ஊர்ச் சூரியன் உச்சியில் நிற்கும். இங்கே ஜூன் நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து 62 டிகிரிக் கோணத்துக்கு மேல் ஏறாது. அதிகாலை ஐந்து மணிக்கு முன்னாலேயே உதித்து, ராத்திரி 9.20 வரை இருக்கும். மாலை ஏழு, எட்டு மணி வெயில் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் வரும். மேற்கே பார்த்த ஜன்னல் மட்டுமல்ல, வடமேற்கு ஜன்னலும் அந்த வெயிலை நேராக வாங்கும். ஜன்னலில் இருப்பது இரட்டைக் கண்ணாடி, குளிர்காலத்தில் உள்ளே உள்ள சூடு வெளியே போகாமல் காக்கச் செய்தது. ஜூலையிலும் அதே வேலையைத்தான் செய்யும். உள்ளே வந்த சூடு திரும்பிப் போகாது.

எங்கள் தெரு வீடுகள் நூறு வருடத்துக்கு முந்தையவை. ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், 9 அங்குலச் செங்கல் சுவர். பகலெல்லாம் வெயிலை வாங்கிய சுவர் மாலையில்தான் உள்பக்கம் சூட்டை விடத் தொடங்கும். கூரை கரும்பலகைக் கல். அதற்கு அடியில் பரண். பரணின் தரையில் கண்ணாடிப் பஞ்சு விரித்திருப்பார்கள், 27 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. பஞ்சு சரியாக இருந்தால் கூரைச் சூடு கீழே இறங்காது, நம் ஊர் மொட்டைமாடியில் போடும் சுருக்கித் தளம் செய்கிற வேலையை அது செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், இடம் போதாமல் அந்தப் பரணையே படுக்கையறையாக மாற்றிய வீடுகளில்தான். சரிந்த கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்திருப்பார்கள், வெயில் அதில் நேராக விழும். அந்த மாதிரி அறையில் பெரியவர்களைப் படுக்க வைக்கக் கூடாது. உங்களுக்குக் கீழே முன்னறையை ஒழித்து வைக்கிறேன்.

சீலிங் ஃபேன் மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மேலே இருப்பது கான்கிரீட் தளம் இல்லை, மரச்சட்டம். சுமார் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 2 அங்குல அகலச் சட்டங்கள், அவற்றுக்கு அடியில் வெறும் பூச்சுப் பலகை. கொக்கியைச் சட்டத்திலேயே இறக்க வேண்டும், பலகையில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பல வீடுகளில் தளத்தின் உயரமும் எட்டடிதான். அதனால் ஸ்டாண்டு ஃபேன்தான் வழி. அதையும் மே மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும். வெப்ப அலை அறிவிப்பு வந்தால் இரண்டே நாளில் கடைகளில் ஒன்றும் மிஞ்சாது.

இனி பழக்கத்தைப் பற்றி. அம்மாவுக்கு இது கஷ்டமாக இருக்கும், புழுக்கம் என்றதும் கை ஜன்னலைத் திறக்கத்தான் போகும். இங்கே பகலில் சாத்தித்தான் வைக்க வேண்டும். வெளியே உள்ள காற்று உள்ளே உள்ளதைவிடச் சூடாகிவிட்டால், பெரும்பாலும் காலை ஒன்பது பத்து மணிக்குள், எல்லா ஜன்னலையும் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். கிழக்கு ஜன்னல்களின் திரையை விடியும் முன்பே, முதல் நாள் இரவே இழுத்துவிடுவது நல்லது. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். வெளியே உள்ளது குறைந்ததும் திறக்கலாம். அது ராத்திரி ஒன்பதரை பத்து ஆகும். அப்போது கீழே ஒரு ஜன்னல், மாடியில் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்தால் மாடிப்படி வழியாகக் காற்று ஓடும். மேலும் கீழும் சறுக்கும் பழைய ஜன்னல் என்றால் மேல்பாதியைக் கொஞ்சம் இறக்கி, கீழ்பாதியைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும். ஸ்டாண்டு ஃபேனை மாடி ஜன்னலில் வெளியே பார்த்து வைத்தால் வீட்டுச் சூட்டை அது தள்ளிவிடும். ஜன்னல்களில் கொசுவலை இருக்காது, விளக்கை அணைத்துவிட்டுத் திறங்கள்.

திரையைவிட வெளியே மறைப்பதுதான் பலன் தரும். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை உள்ளே நிறுத்தி என்ன பயன்? ஆனால் இந்த ஊர் ஜன்னல்கள் பெரும்பாலும் வெளிப்பக்கம் திறப்பவை, வெளியே தட்டி கட்டினால் திறக்க முடியாது. கீழ்த்தள ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டுவது சுலபம். அலுமினியத் தாளைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், இரட்டைக் கண்ணாடியில் சூடு ஏறி விரிசல் விழலாம்.

பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. சக்கரம் வைத்த ஏசி விற்கிறார்கள். 9,000 பிடியு, நம் கணக்கில் முக்கால் டன். ஆறு அங்குலக் குழாய் ஒன்றை ஜன்னல் வழியாக வெளியே விட்டு அனலை வெளியேற்றும். மணிக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். பலர் ஜன்னலை அரைவாசி திறந்து குழாயைச் சும்மா தொங்கவிடுவார்கள், அந்த இடுக்கு வழியாகவே அனல் திரும்ப வந்துவிடும். துணி உறை போட்டு இடுக்கை அடைக்க வேண்டும், குழாயை நீட்டாமல் வளைக்காமல் வைக்க வேண்டும். அப்போதும் ஒரு குறை மிஞ்சும். அறைக் காற்றையே எடுத்து வெளியே தள்ளுவதால் கதவிடுக்கு வழியாக மற்ற அறைகளின் சூடு உள்ளே வரும். அதனால் ஒரு சின்ன அறையைத்தான் குளிர வைக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும்.

எந்த வருடம் மோசம் என்ற பேச்சு வந்தால் இங்கே பெரியவர்கள் 1976ஐத்தான் சொல்வார்கள். ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை பதினைந்து நாள் விடாமல் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32ஐத் தாண்டியது. மழை பொய்த்து, சில ஊர்களில் தெருக்குழாயில் வாளியோடு நின்றார்கள். வறட்சிக்கென்றே டெனிஸ் ஹவெல் என்பவரை அமைச்சராக்கினார்கள், சில நாளில் மழை கொட்டியது. அந்த வருட உச்சம் 35.9. பிறகு 2003 ஆகஸ்டில் கென்ட்டின் ஃபேவர்ஷாமில் 38.5, 2019 ஜூலையில் கேம்பிரிட்ஜில் 38.7. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3. இந்த நாட்டில் 40ஐத் தாண்டியது அதுவே முதல் தடவை. வானிலை அலுவலகம் வெப்பத்துக்காகச் சிவப்பு எச்சரிக்கை விட்டதும் அப்போதுதான் முதல் தடவை. அன்று லண்டனின் கிழக்கு ஓரத்தில் வெனிங்டன் கிராமத்தில் புல் தீ பரவி வீடுகள் வரிசையாக எரிந்தன.

உச்சத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு 2025ஐச் சொல்ல வேண்டும். போன வருட உச்சம் 35.8, 1976ஐவிட 0.1 டிகிரிதான் குறைவு. ஆனாலும் கோடை முழுவதையும் சராசரி எடுத்தால் பதிவானவற்றில் 2025தான் முதலிடம், 16.1 டிகிரி. ராத்திரிகள் குளிராதது ஒரு முக்கியக் காரணம். 1976இல் பகலில் காய்ந்த வீடு ராத்திரி ஆறியது. வெளியே ராத்திரி 20க்குக் கீழே இறங்காவிட்டால் மேலே நான் சொன்ன ஜன்னல் வித்தை பாதிதான் பலிக்கும். மறுநாள் வீடு சூட்டோடேயே விடியும், மூன்றாம் நாள்தான் உடம்பு சோர்ந்து விழும்.

உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கரிசல் மண்ணில் கடைக்கால் எடுக்கும்போது நீங்கள் எதற்குப் பயப்படுவீர்களோ, லண்டனின் பல பகுதிகளில் உள்ள களிமண்ணுக்கும் அதே குணம். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். 1976 வறட்சியில் ஏகப்பட்ட வீடுகளின் சுவர் பிளந்தது, பக்கத்தில் பெரிய மரம் இருந்த வீடுகளில் அதிகம். அதற்குப் பிறகுதான் களிமண்ணில் கடைக்கால் ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும் என்பது நிலைத்தது. வந்ததும் பழைய தெருக்களில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல்களைக் காட்டுகிறேன்.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து எலிசபெத் லைன் ரயிலில் வைட்சாப்பல், அங்கே மாறி டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம். இரண்டிலும் ஏசி உண்டு. பிக்கடில்லி, சென்ட்ரல் போன்ற ஆழமான சுரங்க ரயில் பாதைகளை வெயில் நாளில் தவிர்ப்போம். நூறு வருடமாக ரயில்களின் பிரேக் சூடு சுரங்கத்தைச் சுற்றிய களிமண்ணில் ஏறி, வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. வெளியூர் ரயிலும் அந்த நாட்களில் மெதுவாகத்தான் போகும். இங்கே தண்டவாளத்தை 27 டிகிரிக்குக் கணக்குப் பண்ணி இறுக்கியிருக்கிறார்கள். காற்று 30 இருந்தால் வெயிலில் இரும்பு 50ஐத் தொடும், வேகமாகப் போனால் தண்டவாளம் வளைந்துவிடும்.

ஏரி, குளம் பார்த்தால் இறங்க வேண்டாம். மேலே வெயில் கொளுத்தினாலும் ஆழத்தில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், திடீரென்று மூச்சு அடைக்கும். ஒவ்வொரு வெப்ப அலையிலும் நீச்சல் தெரிந்தவர்களே மூழ்கிப் போகிறார்கள்.

கடைசியாக, முக்கியமானது. 2022 கோடையில் இங்கிலாந்தில் மட்டும் வெப்பத்தால் 2,985 பேர் இறந்ததாக அரசு கணக்கிட்டது, பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். நீங்கள் சாப்பிடும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையை வெப்ப நாளில் எப்படிச் சாப்பிடுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் படுத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, இங்குள்ள அவசர எண் 999ஐ அழையுங்கள். நான் வீட்டில் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். அறைக்குள்ளேயே 35ஐத் தாண்டினால் ஃபேனை உடம்பின் மேல் நேராக வைக்காதீர்கள், அது அனலைத்தான் வீசும்.

அம்மாவின் இன்சுலின் புதுப் பெட்டிகள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் ஒட்டாமல். போட்டுக்கொண்டிருக்கும் பேனாவை 25 டிகிரிக்கு மேல் விடாமல் பார்க்க வேண்டும், ஜன்னல் ஓரத்தில் வைக்கக் கூடாது. அம்மா வீட்டில் வைத்திருக்கும் அந்தச் சின்ன மண்பானையைத் துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த ஊர்க் கடைகளில் அது கிடைக்காது.

அன்புடன்,
உங்கள் மகள்