சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதே, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

"எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாள்கூட விடுவதில்லை அக்கா, வைரல் லோடும் (ரத்தத்தில் வைரஸின் அளவு) கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஆள் மாறிவிட்டார். சொன்னது மறந்துபோகிறது, எதிலும் அக்கறை இல்லை, ஒரே சோம்பல்" என்று உன் கணவரைப் பற்றி எழுதியிருந்தாய். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால், நீ சம்மதித்தபடி உன் பெயரில்லாமல் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன். நானும் இந்த மாத்திரையோடு வாழ்கிறவள்தான்.

அவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதே. இது மூளையிலிருந்து வருவதாக இருக்கலாம்.

எச்.ஐ.வி. என்றாலே ரத்தம், எதிர்ப்புச் சக்தி, சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் ஒருவகை வெள்ளையணுக்களின் எண்ணிக்கை) என்றுதான் பேசுகிறோம். தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே அது மூளைக்கும் போய்விடுகிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. ரத்தத்தில் இருப்பதையெல்லாம் மூளைக்குள் விடாமல் தடுக்க ஒரு அரண் உண்டு. ஆனால் சில வெள்ளையணுக்கள் அதைத் தாண்டிப் போய்வரும். வைரஸ் அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு உள்ளே போகிறது. போனபின் அது நரம்பு செல்களைப் பிடிப்பதில்லை. மூளைக்குக் காவல் காக்கும் மைக்ரோகிளியா என்ற செல்களையும், ரத்தக் குழாய்களை ஒட்டியிருக்கும் சில பாதுகாப்பு செல்களையும்தான் பிடிக்கிறது. அந்தக் காவலர்களே ஓயாமல் அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறார்கள், வைரஸின் புரதங்கள் சிலவும் கசிகின்றன. பக்கத்தில் இருக்கும் நரம்பு செல்கள் இதில் நலிந்துபோகின்றன.

இதில் அதிகம் அடிபடுவது மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதிகள். யோசனையின் வேகம், கை கால் அசைவின் வேகம், ஒரு காரியத்தைத் தொடங்கத் தேவையான உந்துதல் எல்லாம் அவற்றைச் சார்ந்தவை. அதனால்தான் பேச்சு ஒழுங்காக இருக்கும், ஆட்களை அடையாளம் தெரியும், ஆனால் எழுந்து ஒரு வேலையை ஆரம்பிக்க முடியாது. துக்கமும் இருக்காது, விருப்பமும் இருக்காது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது அலட்சியமாகத்தான் தெரியும். எத்தனை பேர் இதற்காக வீட்டிலேயே திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

பயப்படாதே. 1996-க்குப் பிறகு கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் கடுமையான மறதிநோய் மிகவும் குறைந்துவிட்டது. லேசான பாதிப்பு மட்டும் சிலருக்கு மிஞ்சுகிறது. சிகிச்சை தொடங்குமுன் சிடி4 மிகவும் கீழே போனவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் வைரஸ் தெரியாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் மட்டும் பெருகுவதும் உண்டு, ஆனால் அது அரிது.

அப்புறம், எல்லாவற்றையும் வைரஸ் தலையில் போடவும் கூடாது. மனச்சோர்வு, தூக்கக் குறைவு, தைராய்டு, பி12 குறைபாடு, மது என எதுவும் இதே போலக் காட்டும். மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தால் தலைசுற்றல், பயங்கரக் கனவுகள், மனச்சோர்வு வரலாம். டோலுடெகிராவிர் என்ற மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றுவதற்கு வழி உண்டு. நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

அவருக்குப் பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போவதும் இருப்பதாக ஒரு வரியில் எழுதியிருந்தாய். அதுவும் நரம்பு சம்பந்தப்பட்டதுதான். நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் கால்விரலில் தொடங்கி மேலே ஏறும், இரவில் கூடும். வைரஸாலும் வரும், ஸ்டாவுடின் போன்ற பழைய மருந்துகளாலும் வந்தது. ஸ்டாவுடினைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரலாம், அதைத் தடுக்கத்தான் பி6 மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மருத்துவரிடம் போனால் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நான்கு சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு, பழக்கமில்லாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து விநாடி அகலமாக விரித்து, வேகமாக ஒன்றோடொன்று தட்ட வேண்டும். அடுத்து மேசைமேல் கையை முஷ்டியாக வைத்து, பிறகு உள்ளங்கை படும்படி விரித்து, பிறகு சுண்டுவிரல் பக்கமாக நிறுத்த வேண்டும். பத்து விநாடிக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்யணும். கடைசியில் அந்த நான்கு சொற்களைக் கேட்பார்கள். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். படிப்புக் குறைவு, பதற்றம், களைப்பு எல்லாமே மதிப்பெண்ணைக் குறைக்கும். வீட்டில் வைத்து அவரைச் சோதித்துப் பார்க்காதே.

ஒன்றில் மட்டும் தாமதம் வேண்டாம். விடாத தலைவலியோடு காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பு, திடீர்க் குழப்பம், பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூளைக்காய்ச்சல், டாக்சோபிளாஸ்மா மாதிரி தொற்றாக இருக்கலாம். சிடி4 200-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் மருந்தை விட்டவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

இதை அவரிடம் நேராகப் பேசலாமா என்று கேட்டாய். பேசு. "நீங்கள் மாறிவிட்டீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "காலில் எரிகிறதே, டாக்டரிடம் கேட்போம்" என்று ஆரம்பி. மறதியைப் பற்றி அவரே சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால், எது எப்போதிலிருந்து மாறியது என்று நீ எழுதி எடுத்துப்போ. கூடவே மாத்திரைச் சீட்டையும், அவருடைய சிடி4 எப்போதாவது தொட்ட மிகக் குறைந்த எண்ணையும் குறித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா