முன்னாள் படைவீரர் சங்க ஆண்டறிக்கை 2024–25: பலகையில் யார் பெயர்?

தலைவர் சுபேதார் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், முழங்கால் வலியோடு சேலத்தில் இந்த அஸ்தம்பட்டி மாடிப்படி ஏறி வந்திருக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும், படைவீரர் குடும்பத்துத் தாய்மார்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அக்டோபரில் மட்டும் கூரை ஒழுகியதால் கீழே டீக்கடை பெஞ்சில் நடத்தினோம், அன்றைக்குத்தான் வருகை அதிகம். டிசம்பர் 7 கொடிநாள் வசூல் உரிய இடத்தில் செலுத்தப்பட்டது. ஜனவரி 15 ராணுவ தினமும் மாட்டுப் பொங்கலும் ஒன்றாக வந்ததால், கொடியேற்றிய பத்தாவது நிமிடத்தில் பாதிப்பேர் மாட்டைக் குளிப்பாட்டக் கிளம்பிவிட்டீர்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு மறைந்த உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம்.

இனி பலகை விஷயம். நீங்கள் எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரியும்.

2024 ஜூலை 26, கார்கில் வெற்றியின் 25ஆம் ஆண்டு. அன்றைக்குத் திறக்கிற மாதிரி ஒரு கௌரவப் பலகை செய்வது, வீரப் பதக்கம் வாங்கிய உறுப்பினர்களின் பெயரை அதில் எழுதுவது என்று ஏப்ரல் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். பலகை ஆறடியில் வந்து இறங்கியது. பெயரைச் சேகரித்தால் இரண்டே பேர். பெயிண்டர் தம்பி பலகையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீதி இடத்துல பூப்போட்டு உட்றலாங்களா சார்?" என்று கேட்டார்.

அப்போதுதான் குகையிலிருந்து வரும் நம் பெரியவர் எழுந்தார். பட்டாலியனில் சமையல்காரராக இருந்தவர். கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. "ஏனுங்க செகரட்டரி, எங்க பல்டனுக்கே குடுத்தாங்களே, அதெல்லாம் கணக்குல வராதுங்களா?" என்றார்.

அவர் பல்டன், அதாவது பட்டாலியன், 16 மதராஸ். 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் நடுவில் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டிப் போய் சராஜ் சக் ஊரைப் பிடித்த பட்டாலியன். அதன் சிஓ, அதாவது கட்டளை அதிகாரி, லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அந்தச் சண்டையில் உயிர்விட்டு மகாவீர் சக்கரம் பெற்றார். அதே சண்டையில் பூனா ஹார்ஸ் டாங்கிப் படையின் அருண் கேத்தர்பால், 3 கிரனேடியர்ஸின் ஹோஷியார் சிங், இருவருக்கும் பரம்வீர் சக்கரம். இந்தப் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். ஆனால் அந்தச் சண்டைக்காகப் பட்டாலியனுக்கே கிடைத்தது 'பசந்தர் ரிவர்' என்ற பேட்டில் ஆனர், அதாவது சண்டையின் பெயரால் படைக்கே தரும் விருது. அதில் எந்தத் தனி ஆளின் பெயரும் இல்லை.

பெரியவர் அன்றைக்குச் சொன்னதை நடவடிக்கைப் புத்தகத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஆற்றுக்கு இருபுறமும் கண்ணிவெடி. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் அதை எடுத்துப் பாதை போட்டது. அந்த வேலையில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி இறந்தார், அவருக்கும் மகாவீர் சக்கரம். பாதையின் ஓரம் தெரிய வெள்ளை நாடா கட்டியிருந்தார்களாம். "ராத்திரிங்க, பனி. முதுகுல பூரி மூட்டை. நாடாவையே பார்த்துக்கிட்டு நடந்தேன். ஒரு முழம் தள்ளிக் கால் வச்சா நானும் இல்லை, பூரியும் இல்லை. போய்ச் சேர்றப்ப பூரி கல்லு மாதிரி ஆயிருச்சு. யாரும் குறை சொல்லலை." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இங்கே நடந்தது விவாதமா சண்டையா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன். ஒரு தரப்பு, பலகை என்றால் ஆள் பெயர்தான், பட்டாலியன் பெயர் எழுதினால் எல்லோரும் பங்குக்கு வருவார்கள் என்றது. பங்குக்கு வரட்டுமே, அதற்குத்தானே கொடுத்தார்கள் என்பது என் கட்சி. செயலாளர் கட்சி சேரக்கூடாதுதான். சேர்ந்துவிட்டேன்.

சூரமங்கலத்து பீரங்கிப் படை ஹவில்தார் அண்ணன் வேறொரு சிக்கலைக் கிளப்பினார். காலாட்படைக்குக் கொடி உண்டு, பேட்டில் ஆனரைக் கொடியில் பொறிக்கலாம். பீரங்கிப் படைக்குக் கொடியே கிடையாது, பீரங்கிதான் கொடி. அதனால் அவர்களுக்கு ஆனர் டைட்டில் என்று ஒரு கௌரவப் பெயர். கார்கிலில் சுட்ட ரெஜிமென்ட்கள் சில தங்கள் பெயரோடு 'கார்கில்' என்று சேர்த்துக்கொண்டது அப்படித்தான். "கொடி இருக்கிறவனை மட்டும் எழுதுவீங்களா?" என்றார். நியாயம், அதையும் சேர்த்தோம். ராணுவத் தளபதி பட்டாலியனுக்குத் தரும் யூனிட் சைட்டேஷன் என்ற பாராட்டும் வேண்டுமென்று கார்கில் காலத்துத் தம்பிகள் கேட்டார்கள். அதையும் சேர்த்தோம்.

அப்புறம் வந்ததுதான் கடினமான கேள்வி. சண்டைக்குப் பத்து வருடம் கழித்து அந்தப் பல்டனில் சேர்ந்தவருக்கு அதில் உரிமை உண்டா? வெளிநாட்டில் இதற்கு விதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1942இல் ஜனாதிபதி பெயரில் யூனிட் சைட்டேஷன் தொடங்கினார்கள். தரைப்படையில், சண்டையின்போது அந்த யூனிட்டில் இருந்தவர் அதற்கான பட்டையைச் சட்டையில் ஆயுள் முழுக்க அணியலாம். பிறகு சேர்ந்தவர் யூனிட்டில் இருக்கும்வரைதான், மாறுதல் வந்தால் கழற்றிவிட வேண்டும். பிரான்ஸில் முதல் உலகப்போரின்போது பட்டை வேண்டாம் என்று இடது தோளில் பின்னல் கயிறு கொடுத்தார்கள். பாராட்டு கூடக் கூடக் கயிற்றின் நிறம் மாறும். 1918இல் பெலோ காட்டில் சண்டையிட்ட அமெரிக்க மரைன் ரெஜிமென்ட்கள் இரண்டு, நூறு வருடம் தாண்டியும் அந்தக் கயிற்றை மாட்டிக்கொள்கின்றன. நேற்றுச் சேர்ந்த பையனும் மாட்டுவான். நாம் முடிவு செய்தது: சண்டையில் இருந்தவர் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம், பின்னால் சேர்ந்தவருக்கு நட்சத்திரம் இல்லை. இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஆங்கிலேயர் காலத்துப் பழைய ஆனர்களையும் எழுதலாம் என்ற யோசனையை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய மதராஸ் படையின் பட்டியலில் 'சோளிங்கர்' இருக்கிறது. ஆமாம், நாம் நரசிம்மரைப் பார்க்க மலையேறும் அதே சோளிங்கர்தான். 1781இல் ஹைதர் அலியோடு நடந்த சண்டை. 'மைசூர்' என்றும் ஒன்று உண்டு. அது மூன்றாம் மைசூர்ப் போருக்கானது. அந்தப் போரின் முடிவில், 1792 ஒப்பந்தத்தில்தான் திப்புவிடமிருந்து சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. நம் ஊரைப் பிடித்துக் கொடுத்ததற்கு நம் ஆட்களுக்கே கொடுத்த விருது! இந்திய மண்ணை அடிமைப்படுத்திய சண்டைகளின் ஆனர்களை இப்போதைய ராணுவமும் கொண்டாடுவதில்லை. மதராஸ் ரெஜிமென்ட் தொப்பியில் இருக்கும் யானை 1803 அசாயே சண்டையில் வந்தது. சண்டையைக் கொண்டாடுவதில்லை, யானை மட்டும் இருக்கிறது. யானையை யார் வேண்டாம் என்பார்கள்?

ஜூலை 26 அன்று பலகையைத் திறக்க முடியவில்லை. பெயிண்டர் தம்பி 'பசந்தர்' என்பதை 'வசந்தர்' என்று எழுதிவிட்டார். பெரியவர் கோபப்படவில்லை. "வசந்தாங்கிறது எங்க அக்கா பேருங்க" என்றார். அன்றைக்குக் கார்கிலில் உயிர்விட்ட திருச்சிக்காரர் மேஜர் மாரியப்பன் சரவணன் படத்துக்கு மாலை போட்டு, அவரைப் பற்றித் தலைவர் பேசினார். 1 பீகார் பட்டாலியனில் இருந்த தமிழர். வீர் சக்கரம் அவருக்கு, 'படாலிக்' என்ற ஆனர் அவருடைய பட்டாலியனுக்கு.

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தோம். இருபது ஊசிக்கொண்டை வளைவையும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தபோது பீரங்கி அண்ணன் மட்டும் தெளிவாக இருந்தார். ஒரு சிறுமி, "ஒரு ஊருக்கே மெடல் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கொடுத்திருக்கிறார்கள். 1942 ஏப்ரலில் மால்டா தீவு முழுவதற்கும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் சிலுவையைக் கொடுத்தார். இன்றும் அந்த நாட்டுக் கொடியின் மூலையில் அது இருக்கிறது. இன்னொரு பையன், வாசலில் நின்ற காவலரின் சட்டைக் கையில் இருந்த சின்னத்தைக் காட்டி அது என்ன என்றான். 2022 ஜூலை 31 அன்று தமிழ்நாடு காவல்துறைக்குக் குடியரசுத் தலைவரின் கொடி வழங்கப்பட்டதன் அடையாளம் அது, டிஜிபியில் தொடங்கிக் கான்ஸ்டபிள் வரை அணிகிறார்கள் என்று நான் சொல்ல, அந்தக் காவலரே குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். பெரியவரின் ஆவணத்தில் பட்டாலியன் ஆனரைக் குறிப்பிடக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மூன்று முறை நடந்தபின், "இதில் விண்ணப்பதாரர் பெயர் இல்லையே" என்று திருப்பிவிட்டார்கள். பெயர் இல்லாததுதான் அதன் அர்த்தம் என்று விளக்கினேன். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. இதனால் பணமோ சலுகையோ எதுவும் வராது, பெரியவர் கேட்டதும் அதற்காக இல்லை.

பலகை இப்போது திருத்தி எழுதப்பட்டு என் மேசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பதக்கக்காரர்கள் இருவர் பெயர் மேலே, கீழே பல்டன்களும் அவற்றின் ஆட்களும். ஆணி தாங்குமா என்று வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார். உங்கள் பல்டன் பெயர் விடுபட்டிருந்தால் டிஸ்சார்ஜ் புக் நகலோடு இந்த மாதத்துக்குள் என்னிடம் கொடுங்கள், ஜெராக்ஸ் கடை கீழேயே இருக்கிறது. அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்